ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் அப்படியே

ஈசிஜி எடுக்கும்போது மார்பில் தடவுகிற ஜெல்லியின் ஜில்லிப்பு எனக்கு இப்போது அத்துப்படி. மல்லாக்கப் படுக்கச் சொல்வார்கள். கை கால்களில் நாலு கிளிப், மார்பில் ஆறு ரப்பர் குமிழ். "பேசாதீங்க, அசையாதீங்க" என்பார் நர்ஸ். ரோஸ் நிறக் கட்டம் போட்ட தாள் மிஷினிலிருந்து மெதுவாக வெளியே வரும். நான் தாளைப் பார்க்க மாட்டேன். அதைக் கிழித்து எடுக்கிறவரின் முகத்தைப் பார்ப்பேன். பதினோரு மாதத்தில் ஒன்பது தடவை அப்படிப் படுத்திருக்கிறேன். ஒன்பது தடவையும் ஒரே பதில்: "ஒண்ணுமில்லம்மா. நார்மல். வீட்டுக்குப் போகலாம்."

சொல்கிற டாக்டருக்கு அது நல்ல செய்தி. கூட வந்தவர்களுக்கும் நல்ல செய்தி. உடனே ஆட்டோ பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். படுத்திருப்பவளுக்கு மட்டும் அது பாதிச் செய்தி. என்ன இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எழுந்து புடவையைச் சரிசெய்யும்போதே வலி அதே இடத்தில் இருக்கும். இடது மார்புக்கு மேலே, எலும்பை ஒட்டி, ஆணி அறைந்த மாதிரி.

என் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவன் போனது ஐப்பசியில், விடாமல் மழை பெய்த வாரம். வயது 39. ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணினான். "அக்கா, நெஞ்சு என்னமோ பிடிச்சாப்ல இருக்கு. மத்தியானம் கல்யாண வீட்டுல நல்லாச் சாப்பிட்டேன்." நான் சொன்னேன்: "வாயுவாத்தான்டா இருக்கும். ஓமத்தக் கொதிக்க வச்சுக் குடிச்சிட்டுப் படு. காலைல பாத்துக்கலாம்." விடிகாலை நாலு மணிக்கு அவன் மனைவி கூப்பிட்டாள். 108 வந்து சேர்ந்தபோது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது.

நாலு மாதம் கழித்து எனக்கு வலி வந்தது. ஒன்பதாம் வகுப்பில் போர்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது. உள்ளங்கை வியர்த்தது, உதட்டைச் சுற்றி மரத்துப்போனது, மூச்சு மேல்மூச்சாகிவிட்டது. அந்த நிமிஷம் சாவது உறுதி என்று நம்பினேன். பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்து தாங்கிப் பிடித்து, ஸ்கூல் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கேஷுவாலிட்டியில் இருந்த டியூட்டி டாக்டருக்கு என் மாணவர்களைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். ஈசிஜி பார்த்தார். ரத்தம் எடுத்து ட்ரோபோனின் பார்த்தார், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடுகிற புரதம் அது. பிறகு கனிவாகவே சொன்னார்: "ஹார்ட் நல்லாருக்கும்மா. கேஸ்தான்."

கேஸ், வாயு. நான் என் தம்பியிடம் சொன்ன அதே வார்த்தை. அவர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார், நான் பரிசோதிக்காமல் சொன்னேன். இது இப்போது புரிகிறது. அன்றைக்கு அந்தக் கட்டிலில் படுத்திருந்தவளின் காதில், ஒருவனைக் கொன்ற வார்த்தையாகத்தான் அது விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது, இந்த வலியோடு இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எக்கோ பார்த்தார்கள். டிரெட்மில்லில் ஏற்றினார்கள். கடைசியில் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோவும் செய்தார்கள். ரத்தக் குழாய்களில் அடைப்பே இல்லை. அதற்காக ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போனது. டிஸ்சார்ஜ் அன்று, "எதுக்கும் கைல இருக்கட்டும்" என்று நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்று வாய் சொல்கிறது, இதயத்துக்கான மாத்திரையைக் கை எழுதுகிறது. நான் கையைத்தான் நம்பினேன். அந்த மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டுதான் தூங்கினேன். இரண்டு மூன்று தடவை பயத்தில் வைத்தும் விட்டேன். தலை விண்விண்ணென்று தெறிக்கும். அந்தத் தலைவலியே அடுத்த பயத்துக்கு வழி விட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக வீடு என்னைச் சுற்றிச் சுருங்கியது. படியேற மாட்டேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க மாட்டேன். கழுத்தில் விரல் வைத்து நாடியை எண்ணிக்கொண்டே இருப்பேன். வலிக்கிற இடத்தை விரலால் அமுக்கி, இன்னும் இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அமுக்க அமுக்க அந்த இடம் கன்றிப்போய் இன்னும் வலித்தது. வீட்டுக்காரர் பொறுமைசாலி, அவருக்கும் ஒருநாள் அலுத்துப்போனது. "இத்தன டெஸ்டு எடுத்தாச்சே, இன்னும் என்னதான் வேணுங்கிற?" என்றார். பெரியம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "மனப்பிராந்தி."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் மொழியில் துக்கத்துக்கும் பயத்துக்கும் நெஞ்சுதான் வீடு. நெஞ்சு அடைக்கிறது, நெஞ்சு பாரமாக இருக்கிறது, நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது, நெஞ்சு திக்கென்றது என்று நாள்பூராவும் சொல்கிறோம். மனதில் நடப்பது உடம்பில் தெரியும் என்று நம் பேச்சுக்கே தெரியும். அப்படியிருந்தும், ரிப்போர்ட்டெல்லாம் நார்மலாக வந்த ஒருத்தி நெஞ்சு வலிக்கிறது என்றால் அதே ஜனங்கள்தான் 'நடிக்கிறாள்' என்று முடிவுகட்டுகிறார்கள். 'மனசுதான் காரணம்' என்ற வாக்கியம் நோயாளியின் காதில் 'உனக்கு வலியே இல்லை' என்றுதான் விழுகிறது. அந்த வாக்கியத்தை அப்படியே கையில் கொடுத்துக் கவுன்சலிங்குக்கு அனுப்பினால் யாரும் போக மாட்டார்கள். நானும் போகவில்லை. ஒரு கார்டியாலஜிஸ்ட் எழுதிக் கொடுத்த சீட்டு ஆறு வாரம் ஃபைலுக்குள்ளேயே கிடந்தது.

என்னை அங்கே போகவைத்தது எங்கள் ஊரில் பல வருஷமாகப் பார்க்கிற பொது மருத்துவர். வயதானவர். என் ஃபைலை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை புரட்டினார். பழைய ஈசிஜி ஒன்று மங்கிப்போயிருந்தது, அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்துவந்து, வலிக்கிற இடத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். "இங்கதானம்மா?" "ஆமா சார், அங்கதான்." "நான் அழுத்துறது விலா எலும்பும் குருத்தெலும்பும் சேர்ற இடம். இதயத்த இப்படி விரலால தொட முடியாது." சின்ன இடைவெளி விட்டுச் சொன்னார்: "வலி நெசம். நீங்க பொய் சொல்லல. ஆனா இதயத்துலருந்து வரல. எங்கருந்து வருதுன்னு சொல்றேன், கேளுங்க."

பதினைந்து நிமிஷம் பேசினார். நெஞ்சுக்கூட்டில் தசையும் குருத்தெலும்பும் இருக்கின்றன. உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னால் ஓடுகிறது. இரண்டிலிருந்தும் வரும் நரம்புகள் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போய்ச் சேர்வதால், அமிலம் மேலே வந்தால்கூட இதய வலி மாதிரியே தெரியும். பயத்தில் மூச்சு வேகமானால் விலாத் தசைகள் இறுகும். இறுகினால் வலிக்கும். வலித்தால் பயம் கூடும். பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கத்தில் இதையெல்லாம் ஒரு வட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டார். "மாத்திரையால இந்த வட்டத்த முழுசா வெட்ட முடியாதும்மா. வெட்டத் தெரிஞ்சவங்ககிட்ட அனுப்புறேன். உங்கள கைவிடல. மூணு வாரத்துல என்கிட்டயும் வந்து காட்டணும்." 'உங்கள கைவிடல' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன்.

உளவியல் நிபுணர் என்னைவிடச் சின்னப் பெண். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். முதல் நாள் அறிவுரை எதுவும் இல்லை. நான் பேசினேன், அவர் கேட்டார். போகும்போது நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். வலி வந்தால் தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், மனதில் ஓடிய வாக்கியம் என்ன, எத்தனை நிமிஷம் இருந்தது என்று எழுத வேண்டும். பத்து நாளில் எனக்கே ஒரு விஷயம் தெரிந்தது. படியேறும்போது வலி வந்தது இரண்டே தடவை. ராத்திரி பத்தரையை ஒட்டி வந்தது ஏழு தடவை.

இரண்டாவது முறை போனபோது, "டீச்சர், என்கூடச் சேந்து ரெண்டு நிமிஷம் வேகமா மூச்சு விடுங்க" என்றார். நாய் இளைக்கிற மாதிரி விட்டோம். ஒரு நிமிஷம் முடிவதற்குள் விரல் நுனி குறுகுறுத்தது, உதட்டைச் சுற்றி மரத்தது, நெஞ்சு இறுகியது. வகுப்பறையில் சாக்பீஸ் விழுந்த அன்றைக்கு வந்த அதே சாவு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்தது. வேகமாக மூச்சுவிடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, மரப்பும் மயக்கமும் அதனால்தான் என்று விளக்கினார். பிறகு வயிறு ஏறி இறங்க மெதுவாக மூச்சுவிடப் பழக்கினார். நாலைந்து நிமிஷத்தில் எல்லாம் இறங்கியது. ஒன்பது ஈசிஜி தராத தைரியத்தை அந்த நாற்காலி தந்தது. நானே வரவழைத்தேன், நானே இறக்கினேன்.

அன்றிலிருந்துதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். என்னை மாதிரி ஆட்கள் புதிதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சிரைப்போடு சிப்பாய்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிலடெல்பியாவில் ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர் அப்படி முன்னூறு பேரைக் கவனித்து 1871 இல் எழுதினார். அந்த நோய்க்கு அவர் பெயரே வந்துவிட்டது. முதல் உலகப் போரில் அதற்குச் சிப்பாயின் இதயம் என்று பெயர். 1941 இல் லண்டன் இதய மருத்துவர் பால் வுட், இது இதய நோயே இல்லை, பதற்றத்தோடு சேர்ந்தது என்று வாதிட்டார். பீரங்கிக்கு நடுவில் நின்றவனுக்கே நெஞ்சு இப்படித்தான் பேசியிருக்கிறது என்று படித்தபோது எனக்கு அழுகை வந்தது. பெரியம்மாவின் மனப்பிராந்தி என்ற சொல் அன்றைக்குத்தான் என்னைவிட்டு இறங்கியது.

இன்னொரு ஆய்வு என்னைக் கோபப்படுத்தியது. 1996 இல் வெளியானது. கனடாவில் மான்ட்ரியல் இதய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நெஞ்சு வலியோடு வந்த 441 பேரைப் பரிசோதித்தார்கள். கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்குப் பேனிக் டிஸார்டர், அதாவது திடீர்த் திடீரெனத் தாக்கும் பீதி நோய் இருந்தது. அவர்களில் கிட்டத்தட்ட யாருக்குமே அந்த நோய் இருப்பதை அங்கிருந்த இதய மருத்துவர்கள் கண்டுபிடிக்கவில்லை. மருத்துவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சாகிறவரைக் காப்பாற்ற அமைந்த இடம் அது. ஆனால் அந்த நாலில் ஒருவர் வாசலைத் தாண்டிப் போனபின் எங்கே போவார்? அடுத்த மாதம் அதே வாசலுக்குத்தான் வருவார். நான் ஒன்பது தடவை வந்தேன்.

மூன்றாவது தடவை மேடம் கேட்டார்: "அன்னிக்கு ராத்திரி பத்தரைக்கு என்ன நடந்துச்சு டீச்சர்?" அதுவரை யாரும் கேட்டதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அந்த போன் விஷயம் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னேன். ஓமத்தைப் பற்றியும் சொன்னேன். "உங்க தப்பு இல்ல" என்று அவர் உடனே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இடப்பக்கம், அன்று பத்தரைக்கு எனக்குத் தெரிந்தது. வலப்பக்கம், விடிகாலை நாலு மணிக்குப் பிறகு தெரிந்தது. என்னையே எழுதச் சொன்னார். இடப்பக்கத்தில் விழுந்தவை: கல்யாணச் சாப்பாடு, வயது 39, சுகரும் பிரஷரும் இருந்ததாக அவன் ஒருநாளும் சொன்னதில்லை, போனில் சிரித்துக்கொண்டேதான் பேசினான். எழுதி முடிக்க அரைமணி நேரமானது. அந்தத் தாள் இன்னும் ஃபைலில் ஆஞ்சியோ சிடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. குற்றவுணர்ச்சி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இப்போது நெஞ்சில் இல்லை, தாளில் இருக்கிறது.

மீதி ஐந்து தடவையும் சின்னச் சின்ன வேலைகள். நாடி பார்ப்பதை ஒரு நாளைக்கு மூன்று தடவையாகக் குறைத்து, பிறகு நிறுத்துவது. வலிக்கிற இடத்தில் கை போனால் கையைக் கோர்த்துக்கொள்வது. பொது மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சார்பிட்ரேட்டை முந்தானையிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து வீட்டைவிட்டே வெளியே அனுப்புவது. ஸ்கூலில் 9-பி இரண்டாவது மாடி, 38 படி. முதல் வாரம் பத்துப் படி ஏறி நின்றேன். நெஞ்சு படபடத்தது. ஏறினால் படபடக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் ஐந்து படி. ஒன்றரை மாதத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுக்கட்டை நானே தூக்கிக்கொண்டு மேலே போனேன்.

இதற்குச் சிபிடி என்று பெயர். எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றுகிற சிகிச்சை. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லாமல் நெஞ்சு வலிப்பவர்களுக்கான உளவியல் சிகிச்சைகளைப் பற்றி 2015 இல் வந்த காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு காக்ரேன்) 17 ஆய்வுகளை, ஏறத்தாழ ஆயிரம் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. சிபிடிக்குப் பலன் இருக்கிறது, அதிலும் முதல் மூன்று மாதங்களில் தெளிவாகத் தெரிகிறது என்றது. மிதமான பலன்தான், அற்புதமெல்லாம் இல்லை. என் அனுபவமும் அதுவே. வலி அடியோடு போகவில்லை. வாரத்தில் நாலைந்து நாள் இருந்தது மாதத்தில் இரண்டு நாளாகிவிட்டது. வந்தாலும் ஆட்டோ தேட மாட்டேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கீத் பெட்ரி என்ற உளவியல் பேராசிரியரின் குழு செய்து 2007 இல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. நெஞ்சு வலிக்காக டிரெட்மில் டெஸ்டுக்கு வந்த 92 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான தகவல். ஒரு குழுவுக்கு, ரிசல்ட் நார்மலாக வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கும் துண்டுப் பிரசுரம். இன்னொரு குழுவுக்குப் பிரசுரத்தோடு சேர்த்துக் கொஞ்ச நேரப் பேச்சு. எல்லாமே டெஸ்டுக்கு முன்னால். பேச்சும் கிடைத்தவர்களுக்கு ரிசல்ட் மேல் அதிக நம்பிக்கை வந்தது. ஒரு மாதம் கழித்து அவர்களில் வலி தொடர்ந்தவர்கள் குறைவு, இதய மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களும் குறைவு. பெரிய செலவு எதுவும் இல்லை. ரிசல்ட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினார்கள், அவ்வளவுதான். என் ஒன்பது ஈசிஜியில் ஒன்றுக்கு முன்னால் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால் மீதியில் எத்தனை தேவைப்பட்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் 2023 இல் இதயம் காப்போம் திட்டம் வந்தபின், மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. என் தம்பி மாதிரி ஆட்களுக்கு அது உயிர். அதை மனதாரக் கும்பிடுகிறேன். அதே வரிசையில் எங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஈசிஜி நார்மல், ட்ரோபோனின் நார்மல் என்று அனுப்பும்போது, "வலி நெசம், எங்கருந்து வருதுன்னு இவங்க சொல்லுவாங்க, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்ல ஒரு ஆள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். இருப்பவற்றுக்கும் கேஷுவாலிட்டிக்கும் நடுவில்தான் பாதை இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் தன் நெஞ்சு வலியைத் தானே பதற்றம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் தடவை வந்தால், அழுத்தமோ வியர்வையோ கை, தாடைக்கு வலி பரவுவதோ இருந்தால், 108. ஓமம் வேண்டாம், சோடா வேண்டாம், காலைவரை காத்திருக்கவும் வேண்டாம். பழகிய வலி புது மாதிரியாக வந்தாலும் அப்படியே. பெண்கள் இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஞ்சியோவில் பெரிய குழாய்கள்தான் தெரியும். நுண்குழாய்களில் கோளாறு இருந்தால் அதில் தெரியாமல் போகலாம், அது பெண்களிடம் அதிகம். எனக்கு அது இல்லை என்று கார்டியாலஜிஸ்ட் தனியாகப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மேடம் என்னைப் படியேற விட்டார். மனதுக்கான உதவி பரிசோதனைக்குப் பதில் இல்லை, அதோடு கூடவே வர வேண்டியது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி வீட்டுக்கு வந்திருந்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நாளாகவே இப்படி வருகிறதாம். "உங்ககிட்ட சொன்னா பயந்துருவீங்கன்னு சொல்லல அண்ணி" என்றாள். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வாயு என்று சொல்லவில்லை. ஒண்ணுமில்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கே கூட்டிப்போய் ஈசிஜி எடுத்தோம். ஜெல்லி பட்டதும் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நார்மல் என்றார்கள். எக்கோ நாளைக்கு. மேடத்திடம் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன்.